எழுபத்தெட்டுச் சித்திரங்கள்

வாசிப்பு என்றவுடன் எழுத்தையே நாம் நினைக்கின்றோம். ஆயின் எழுத்துத் தோன்றுமுன்னரே மனிதன் வாசிக்கத் தொடங்கிவிட்டான். வானத்து மேகத்தை வாசித்தான். மணலிற் பதிந்த அடிச்சுவட்டை வாசித்தான். எதிரில் நின்றவனின் முகத்தை வாசித்தான். காணும் உருவம் ஒன்று, அதனாற் கொள்ளும் பொருள் மற்றொன்று என்னும் இந்நிலையே எல்லா வாசிப்புக்கும் அடிப்படை. இத்தகைய படவாசிப்பு ஒன்று மேனாட்டில் ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகளாக வழங்கி வருகின்றது. டாரோ எனப்படும் சீட்டுகளைப் பரப்பி, அவற்றிலுள்ள சித்திரங்களைக் கொண்டு வாழ்வைப் பற்றிப் பேசும் வழக்கமே அது.

அதனை மூடநம்பிக்கை எனத் தள்ளிவிடுவாரும் உளர். தெய்வவாக்கெனத் தலைமேற் கொள்வாரும் உளர். இருசாராருள்ளும் அச்சீட்டுகளைப் பொறுமையோடு உற்று நோக்கியோர் சிலரே. அவற்றைக் கற்கப் புகும் ஒருவர் எவற்றைக் கற்றல் வேண்டும், எவற்றை மறத்தல் வேண்டும், எங்கே நின்றுவிடல் வேண்டும் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இலக்கியங் கற்போருக்கும் கற்பிப்போருக்கும் இவ்வாராய்ச்சி பயனுடையதாகும் என்பது நமது துணிபு. ஏனெனில், சீட்டை வாசிப்பதில் நேரும் தவறுகள் யாவும் கவிதையை வாசிப்பதிலும் நேர்வனவே.

ஆட்டமாய்ப் பிறந்தவை

டாரோக் கட்டில் 78 சீட்டுகள் உள்ளன. அவற்றுள் 56 சீட்டுகள் நாம் பழகிய கடதாசிக் கட்டினை ஒத்தவை. கிண்ணம், வாள், கோல், நாணயம் என இனங்கள் நான்கு. ஒவ்வோர் இனத்திலும் ஒன்று முதற் பத்து வரையான எண் சீட்டுகள் பத்து. அவற்றுக்கு மேல் ஏவலன், குதிரைவீரன், அரசி, அரசன் என உருவச் சீட்டுகள் நான்கு. எஞ்சிய 22 சீட்டுகளே டாரோவுக்குத் தனித்தன்மை அளிப்பன. பேரரசன், பாப்பரசர், காதலர், தேர், நீதி, துறவி, விதிச்சக்கரம், தலைகீழாய்த் தொங்குவோன், சாவு, சாத்தான், கோபுரம், விண்மீன், நிலவு, ஞாயிறு, உலகம் என்பன அவற்றுட் சில. இவ்விருபத்திரண்டில் 21 சீட்டுகள் வரிசைப்பட அடுக்கப்பெறும். பேதை எனப்படும் ஒருவன் மட்டும் பழைய கட்டுகளில் எண்ணின்றி, வரிசைக்குப் புறம்பாக நிற்பான்.

நான்கு இனங்களைக் கொண்ட சீட்டுகள் ஐரோப்பாவை அடைந்தது 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆகும். 1370களில் அவற்றைப் பற்றிய குறிப்புகள் அங்கே பல நகரங்களிலும் தோன்றுகின்றன. அவை முஸ்லிம் உலகின் வழியாக வந்தவை என்பதற்கு, இஸ்தான்புல் நகரின் தோப்காப்பி அரண்மனையிற் காக்கப்பெறும் மம்லூக் சீட்டுக்கட்டுச் சான்றாகும். மம்லூக் சுல்தான்கள் எகிப்தை ஆண்டவர்கள். அவர்களுடைய கட்டிலும் கிண்ணமும் வாளும் நாணயமும் உண்டு. கோல் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் குதிரைமீதமர்ந்து ஆடும் போலோ ஆட்டத்தின் மட்டை உண்டு. அவ்வாட்டத்தை அறியாத ஐரோப்பியர் அம்மட்டையை வெறுங்கோலாக வரைந்துகொண்டனர்.

இக்கட்டுடன் புதிய சித்திரச் சீட்டுகளைச் சேர்த்தவர் 15ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வாழ்ந்த வட இத்தாலியர். 1440இல் புளோரன்சிலும் 1442இல் பெராரா அரசவையின் கணக்கேடுகளிலும் 'திரியொன்ஃபி' என்னும் பெயரால் இவை குறிக்கப்பெறுகின்றன. வெற்றிகள், வெற்றி ஊர்வலங்கள் என்பது அச்சொல்லின் பொருள். மற்றை இனச் சீட்டுகளை வெல்லும் உரிமை இவற்றுக்கு இருந்தமையின் இப்பெயர் பொருத்தமாயிற்று. வெற்றியைக் குறிக்கும் இந்தச் சொல்லின் வழிவந்தவையே ஆங்கிலேயரின் 'ட்ரம்ப்' என்பதும் ஒல்லாந்தரின் 'ட்ரூஃப்' என்பதும். முந்நூற்றுநான்கு ஆடும் நம்மவர் 'துரும்பு' என்றும் தமிழகத்தார் 'துருப்பு' என்றும் சொல்வது இக்குடும்பத்துச் சொல்லே. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் இத்தாலியப் பிரபுக்களின் மாளிகையில் எழுந்த சொல்லொன்று நம்மூர்த் திண்ணைகளில் இன்றும் ஒலிப்பது வியப்பன்றோ?

அக்காலத்துக் கட்டுகளுட் புகழ்பெற்றது மிலான் நகரை ஆண்ட விஸ்கொந்தி, ஸ்போர்சா குடும்பத்தாருக்காகப் பொற்றகட்டின் மேல் தீட்டப்பெற்ற கட்டாகும். அதில் 74 சீட்டுகள் எஞ்சியுள்ளன. அவற்றுள் 35 நியூ யோர்க் நகரின் மோர்கன் நூலகத்தில் உள்ளன; ஏனையவை இத்தாலியின் பெர்காமோ நகரத்திற்கு உரியவை. செல்வர்கள் மாலைப்பொழுதில் ஆடி மகிழ்வதற்கென அமைந்த பொருள்கள் இவை. எதிர்காலம் உரைப்பதற்கு எவரும் இவற்றைச் செய்யவில்லை. பிரான்சிலும் ஒஸ்திரியாவிலும் இன்றும் டாரோ ஓர் ஆட்டமாகவே பல்லோரால் ஆடப்படுகின்றது. பிரான்சில் அதற்கென ஒரு சம்மேளனம் 1973 முதல் இயங்கி வருகின்றது.

எகிப்தியக் கதை

அவ்வாறாயின் சோதிடம் எங்கே புகுந்தது? விடை பாரிஸ் நகரில் உள்ளது. 1781ஆம் ஆண்டில் அந்துவான் கூர் த ஜெபெலன் என்னும் பிரெஞ்சு அறிஞர், ஆதியுலகைப் பற்றித் தாம் எழுதிவந்த பெருநூலின் எட்டாந் தொகுதியை வெளியிட்டார். டாரோச் சீட்டுகள் பண்டை எகிப்தியக் குருமாரின் ஞானநூல் என்றும், தோத் என்னும் தெய்வத்தின் புத்தகம் இவ்வாறு ஆட்டச் சீட்டாய் மறைந்து வாழ்கின்றது என்றும் அதில் அவர் எழுதினார். டாரோ என்னும் பெயரையும் எகிப்தியச் சொல்லாகப் பிரித்து, 'அரசவழி' எனப் பொருள் கூறினார். எகிப்திய எழுத்தை அக்காலத்தில் எவரும் வாசிக்க இயலாது. ஷம்போலியோன் அவ்வெழுத்தின் திறவுகோலை வெளியிட்டது 1822இல். அதாவது நாற்பத்தோராண்டுகளின் பின்னர். எழுத்து வாசிக்கப்பட்டபோது கூர் த ஜெபெலனின் சொல்லாராய்ச்சிக்கு அங்கே ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனாற் கதை அதற்குள் வேரூன்றிவிட்டது.

கதையைத் தொழிலாக்கியவர் ஷான் பப்திஸ்த் அலியெத் என்பவர். தம் பெயரைப் பின்னிருந்து முன்னாக எழுதி, எத்தெய்யா எனப் புனைபெயர் கொண்டார். சாதாரணச் சீட்டுகளைக் கொண்டு குறிசொல்லும் முறையை 1770இல் நூலாக்கிய அவர், 1785இல் டாரோவைப் பற்றி எழுதினார்; 1789இல் குறிசொல்வதற்கென்றே ஒரு கட்டையும் வெளியிட்டார். அடுத்த நூற்றாண்டின் நடுவில் எலிபாஸ் லெவி என்னும் மறைஞான எழுத்தாளர், 22 சித்திரச் சீட்டுகளையும் எபிரேய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளோடு இணைத்தார். 1888இல் இலண்டனில் எழுந்த பொன்விடியற் சங்கம் இவ்விணைப்பினை ஒரு பெரும் அமைப்பாக விரித்தது. கவிஞர் யேற்ஸ் அச்சங்கத்தில் 1890இற் சேர்ந்தவர் என்பது இலக்கிய மாணவர் அறிந்ததே.

இக்கட்டுக்கதைகளை ஆவணங்கொண்டு ஆராய்ந்து அகற்றியவர்களுள் முதன்மையானவர் மைக்கேல் டமற். ஒக்ஸ்போர்டிற் தருக்கவியலும் மொழித் தத்துவமும் கற்பித்த பேரறிஞர் அவர். டாரோ ஆட்டத்தைப் பற்றி 1980இல் அவர் வெளியிட்ட பெருநூலின் பின், எகிப்திய மூலத்தை வரலாறாக நம்புவதற்கு இடமில்லாது போயிற்று. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நான்கு இனச் சீட்டுகள் எகிப்தோடு தொடர்புடையவை என்பது உண்மையே; ஆனால் அது பரோக்களின் எகிப்து அன்று, மம்லூக் சுல்தான்களின் எகிப்து. எந்தச் சித்திரச் சீட்டுகளை எகிப்தியம் எனக் கூர் த ஜெபெலன் போற்றினாரோ அவையோ கலப்பற்ற இத்தாலியச் சரக்கு. பெயரளவில் உண்மையைத் தொட்டு, பொருளளவில் அதனைத் தவறவிட்டார் அவர்.

ஆகவே டாரோவைக் கற்க விரும்புவோர் முதலில் மறக்கவேண்டியது இந்தப் பொய்த்தொன்மையையே. ஒரு பொருளுக்குப் பெருமை சேர்க்க அதன் வயதைக் கூட்டிச் சொல்லும் ஆசை எந்த நாட்டாரையும் விட்டதில்லை. ஆனால் ஐந்நூற்றெண்பது ஆண்டுகள் வாழ்ந்த சித்திரங்களுக்கு ஐயாயிரம் ஆண்டுப் பொய் வேண்டியதில்லை. தலைகீழாய்த் தொங்குவோனின் படத்தைப் பார்த்து மறைஞானம் தேடியோர் பலர். மறுமலர்ச்சிக்கால இத்தாலியில் துரோகிகளை ஒற்றைக்காலில் தலைகீழாய்த் தொங்குபவராகப் பொதுச்சுவர்களில் வரைந்து இழிவுபடுத்தும் வழக்கம் இருந்தது. அவ்வுண்மையை அறிந்தபின் படம் சிறுத்துவிடுவதில்லை. ஊரார் முன் மானமிழந்து தொங்கும் ஒருவனின் முகத்தில் பிற்கால ஓவியம் அமைதியையும் ஒளிவட்டத்தையும் வரைந்தது எத்துணை ஆழமான மாற்றம் என்பது அப்போதுதான் விளங்கும்.

ஓவியரின் பெயர்

இன்று உலகிற் பெரும்பாலோர் கற்கும் கட்டு இலண்டனில் 1909ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. ரைடர் என்னும் பதிப்பகம் அதனை வெளியிட்டது. கருத்து வகுத்தவர் ஆதர் எட்வேட் வெயிற். வரைந்தவர் பமீலா கோல்மன் சிமித். நெடுங்காலம் அக்கட்டுப் பதிப்பகத்தாரின் பெயராலும் வெயிற்றின் பெயராலுமே வழங்கிற்று. படங்களால் உலகறிந்த ஒரு படைப்பில் படம் வரைந்தவரின் பெயர் மட்டும் விடுபட்டிருந்தது.

பமீலா 1878இல் இலண்டனில் அமெரிக்கப் பெற்றோருக்குப் பிறந்தவர். இளமையின் ஒரு பகுதியை யமேக்காவிற் கழித்து, அத்தீவின் நாட்டார் கதைகளைத் தொகுத்து 1899இற் படங்களுடன் வெளியிட்டவர். புரூக்ளினில் ஓவியம் பயின்றார். நடிகை எலன் ரெரி, ஹென்றி இர்விங் ஆகியோரின் நாடகக் குழுவோடு பழகி மேடைக் கலையை நன்கறிந்தார். ஒளிப்படக் கலைஞர் ஸ்ரீக்லிற்ஸ் தமது நியூ யோர்க் கூடத்தில் ஒளிப்படமல்லாத ஓவியங்களை முதன்முதலாகக் காட்சிக்கு வைத்தபோது, 1907இல், அங்கே இடம்பெற்றவை பமீலாவின் ஓவியங்களே. டாரோப் பணியை முடித்த ஆண்டில் அவருக்கு எழுதிய கடிதத்தில், பெரிய வேலையொன்றைச் சொற்பப் பணத்துக்குச் செய்து முடித்ததாக பமீலா குறிப்பிட்டார். அதன் பின் கத்தோலிக்கராகி, கோர்ன்வாலிற் குடியேறி, வறுமையிலும் கடனிலும் 1951இல் மறைந்தார். அவருடைய உடைமைகள் கடனுக்காக விற்கப்பட்டன. அண்மைக் காலத்திலேயே கட்டின் பெயரோடு சிமித் என்னும் பெயரையும் சேர்த்து வழங்கும் நேர்மை பிறந்துள்ளது. அவர் ஒவ்வொரு சீட்டின் மூலையிலும் தம் பெயரின் முதலெழுத்துகளைப் பின்னிப் பொறித்திருந்தார். அவற்றைத்தான் பார்த்தவர்கள் வாசிக்கவில்லை.

அவர் ஆற்றிய புதுமை யாது? அதற்கு முன்பு பெரும்பாலான கட்டுகளில் எண் சீட்டுகள் வெறும் எண்ணிக்கைப் படங்களே. ஐந்து கிண்ணம் என்றால் ஐந்து கிண்ணங்கள் வரையப்பட்டிருக்கும்; அவ்வளவே. பமீலா 40 எண் சீட்டுகளையும் சிறுசிறு நாடகக் காட்சிகளாக்கினார். இத்தாலியில் 15ஆம் நூற்றாண்டின் இறுதியிற் செதுக்கப்பெற்ற சோலா புஸ்கா என்னும் கட்டு இதற்கு முன்னோடி. அதன் ஒளிப்படங்கள் 1907 முதல் பிரித்தானிய நூதனசாலையில் இருந்தன. மூன்று வாள்கள் ஊடுருவிய இதயம் அக்கட்டிலும் உண்டு, பமீலாவின் கட்டிலும் உண்டு. ஆனால் இதயத்தின் பின்னே மேகம் கவிந்து மழை பெய்யும் வானத்தைப் பமீலாவின் சீட்டிற் காண்கின்றோம். பொருளகராதி வேண்டாது பார்த்தவுடன் நெஞ்சில் தைக்கும் மொழி அது.

சீட்டுகளின் இலக்கணம்

இனி, வாசிக்கும் முறையைக் காண்போம். கட்டோடு வரும் சிறுநூலிலுள்ள பொருள்களை மனனஞ் செய்வதே கல்வி எனத் தொடக்கத்தார் பலர் எண்ணுவர். நிகண்டை மனனஞ் செய்தவர் கவிதையை உணர்ந்துவிடுவார் என்பது போன்றது அது. சீட்டுகளுக்குச் சொற்பொருள் உண்டு. அதனினும் மேலாக இலக்கணம் உண்டு.

இனம் வாழ்வின் துறையைக் குறிக்கும். கிண்ணம் உணர்ச்சியும் உறவும். வாள் சிந்தனையும் பூசலும். கோல் ஊக்கமும் செயலும். நாணயம் உடலும் பிழைப்பும். எண் அத்துறையிலுள்ள நிலையைக் குறிக்கும். ஒன்று வித்து, ஐந்து இடர், பத்து நிறைவு. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பல சீட்டுகள் தாமே பேசும். பமீலாவின் கட்டில் ஐந்துகளை அடுத்தடுத்து வையுங்கள். ஐந்து கிண்ணத்தில் கருஞ்சால்வை போர்த்த ஒருவர் கவிழ்ந்த கிண்ணங்களைப் பார்த்து நிற்கின்றார். ஐந்து கோலில் இளைஞர் ஐவர் மோதுகின்றனர். ஐந்து வாளில் வென்றவன் வாள்களைப் பொறுக்க, தோற்றவர் முதுகு காட்டிச் செல்கின்றனர். ஐந்து நாணயத்தில் இரண்டு ஏழைகள் ஒளிவீசும் சாளரத்தின் வெளியே பனியில் நடக்கின்றனர். இடர் ஒன்றே, அது அன்பிலும் முயற்சியிலும் பூசலிலும் பிழைப்பிலும் வேறுவேறு உருக்கொள்கின்றது. பத்துகளும் அவ்வாறே. பத்துக் கிண்ணத்தில் வானவில்லின் கீழ் ஒரு குடும்பம் மகிழ்கின்றது. பத்துக் கோலில் ஒருவன் சுமையால் வளைந்து நடக்கின்றான். பத்து வாளில் ஒருவன் முதுகிற் பத்து வாள்களும் பாயக் கிடக்கின்றான். நிறைவு என்பது இன்பத்துக்கு மட்டும் உரியதன்று. சுமையும் நிறையும், தோல்வியும் நிறையும் என்பதை இவை உணர்த்துகின்றன. அக்கடைசிச் சீட்டின் தொடுவானத்தில் மஞ்சள் ஒளி படர்ந்திருப்பதையும் கவனித்தல் வேண்டும்.

இங்கேதான் முதற் பயிற்சி உளது. பொருள் கூறுமுன் படத்தை உள்ளவாறு சொல்லுதல். ஐந்து கிண்ணச் சீட்டைக் கையிற் கொடுத்து எத்தனை கிண்ணங்கள் கவிழ்ந்துள்ளன என்று கேட்டால், அவசரக்காரர் ஐந்தும் என்பர். கவிழ்ந்தவை மூன்றே, இரண்டு அம்மனிதருக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கின்றன. அப்பால் ஓர் ஆறும் பாலமும் வீடும் உள்ளன. எட்டு வாளில் கண்ணும் கையும் கட்டப்பட்ட பெண்ணொருத்தி வாள்களின் நடுவே நிற்கின்றாள். அவள் கால்களில் கட்டில்லை; முன்புறத்தில் வாளுமில்லை. துயரம் தன்னைச் சுற்றியுள்ளவற்றைப் பார்க்கவொட்டாது என்னும் பேருண்மையைச் சொல்லாமற் சொல்லும் படங்கள் இவை. நாளுக்கொரு சீட்டை எடுத்து, கண்டதைப் பத்து வரியில் எழுதி வருபவர், மூன்று மாதத்துள் கட்டு முழுவதையும் அறிந்துகொள்ளலாம்.

இரண்டாவது பயிற்சி சீட்டுகளைக் கோத்து வாசித்தல். வெயிற் தமது 1910ஆம் ஆண்டு நூலிற் பத்துச் சீட்டுகளைச் சிலுவை வடிவிற் பரப்பும் முறையொன்றை எழுதினார். தொடக்கத்தாருக்கு மூன்று சீட்டுகளே போதும். மூன்று சீட்டுகளை வரிசையாக எடுப்பதற்கு 456,456 வகைகள் உள்ளன. அவ்வளவு வாக்கியங்களுக்கும் பொருள் எழுதிய அகராதி இருத்தல் இயலாது. செய்யுளிற் சொற்கள் ஒன்றையொன்று தழுவிப் பொருள் தரும் முறையை நம் இலக்கணகாரர் பொருள்கோள் என்றனர். சீட்டுகளுக்கும் பொருள்கோள் உண்டு. மூன்று வாள், ஐந்து கிண்ணம், ஆறு வாள் என ஒரு வரிசை அமைவதாகக் கொள்வோம். ஆறு வாளில் ஓடக்காரன் ஒருவன் முக்காடிட்ட பெண்ணையும் ஒரு குழந்தையையும் ஏற்றிச் செல்கின்றான். நெஞ்சு பிளந்த துயரம், அதனை நினைந்து நின்ற காலம், அதன்பின் மறுகரை நோக்கிய பயணம் என இவ்வரிசை ஆறுதலாய் முடிகின்றது. ஆயினும் வாள்கள் ஆறும் ஓடத்திலேயே நடப்பட்டுள்ளன. துயரத்தைக் கரையில் விட்டுச் செல்லவில்லை, உடன்கொண்டே செல்கின்றனர். இனி, அதே சீட்டுகளை மாற்றி, ஆறு வாளை முன்னும் ஐந்து கிண்ணத்தை இறுதியிலும் வைத்துப் பாருங்கள். மறுகரை சேர்ந்தும் சிந்தியதை நினைந்து நிற்கும் ஒருவரின் கதையாக அது மாறிவிடுகின்றது. சொல் ஒன்றே, வைப்புமுறை வேறு.

இவ்வாற்றலை எழுத்தாளர் கண்டுகொண்டதில் வியப்பில்லை. எலியட் 1922இல் வெளியிட்ட 'பாழ்நிலம்' என்னும் கவிதையில் சீட்டுப் பார்க்கும் மாது ஒருத்தி வருகின்றாள். அவள் காட்டும் சீட்டுகளுட் சில உண்மைக் கட்டில் உள்ளவை. சில கவிஞர் தாமே படைத்தவை. டாரோக் கட்டின் அமைப்பைத் தாம் துல்லியமாக அறிந்தவரல்லர் என்பதை எலியட் தம் குறிப்பில் ஒப்புக்கொண்டார். இத்தாலிய எழுத்தாளர் இத்தாலோ கல்வினோ 1973இல் வெளியிட்ட நாவலில் வேறொரு வழியை மேற்கொண்டார். வழிப்போக்கர் சிலர் ஒரு கோட்டையிற் கூடுகின்றனர், அவர்கள் பேச்சிழந்துவிட்டனர், டாரோச் சீட்டுகளை மேசைமேல் அடுக்கித் தத்தம் கதையைச் சொல்கின்றனர். ஒருவர் வைத்த சீட்டையே மற்றவர் குறுக்காகத் தம் கதைக்கும் பயன்படுத்துகின்றார். ஒரே படம் ஒருவர்க்கு வாழ்வும் மற்றவர்க்கு அழிவுமாகின்றது. படத்தின் பொருள் அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டல் அரிது.

கேட்பவரின் நெஞ்சம்

இதுவரை கூறியது கலை. இனிக் கூறுவது கடமை. சீட்டை வைத்துக்கொண்டு தனியே சிந்திப்பது வேறு. கவலையோடு எதிரில் அமர்ந்த ஒருவருக்கு அதனை வாசிப்பது வேறு. நோயுற்ற பிள்ளையின் தாயும், கடிதம் வராத காதலனும், வேலையிழந்த குடும்பத் தலைவனுமே பெரும்பாலும் குறிகேட்க வருவர். படத்தை இரசிக்க அவர்கள் வருவதில்லை.

சீட்டுகள் எதிர்காலத்தை அறியமாட்டா. கலைத்துப் போட்ட கட்டில் எது மேலே வரும் என்பது தற்செயல். அப்படியாயின் 'எனக்குச் சொன்னது அப்படியே பொருந்திற்று' எனப் பலர் கூறுவது பொய்யா? பொய்யன்று, அதற்குக் காரணம் வேறிடத்தில் உளது. 1948இல் அமெரிக்க உளவியலாளர் பேட்ரம் போரர் தம் மாணவர் 39 பேருக்கு ஓர் ஆளுமைத் தேர்வு நடத்தினார். சில நாள்களின் பின், ஒவ்வொருவர்க்கும் உரிய குணவிளக்கம் எனக் கூறி ஒரு தாளைக் கொடுத்தார். அது எவ்வளவு பொருந்துகின்றது என ஐந்துக்குப் புள்ளியிடச் சொன்னார். சராசரிப் புள்ளி 4.26 ஆயிற்று. உண்மையில் எல்லோர்க்கும் அளிக்கப்பட்டது ஒரே வாசகம். அதன் பெரும்பகுதி கடையில் விற்ற சோதிடப் புத்தகத்திலிருந்து எடுக்கப்பட்டது. பொதுச்சொல்லைத் தன் சொல்லாக்கிக் கொள்ளும் இயல்பு மனித மனத்துக்கு உண்டு. குறிசொல்வோர் வந்தவரின் உடையையும் குரலையும் கண்ணையும் கவனித்துச் சொல்லைத் திருத்திக்கொள்ளும் திறனும் இதனுடன் சேருமாயின் வியப்புக்குக் குறைவேது?

இவ்வியல்பை நம் பழம்புலவர் அறியாதவரல்லர். முல்லைப்பாட்டில், போர்மேற் சென்ற தலைவன் மீள்வானோ எனக் கலங்கும் தலைவியின் பொருட்டு முதுபெண்டிர் ஊர்ப்புறத்தே விரிச்சி கேட்டு நிற்கின்றனர். ஆயர்மகள் ஒருத்தி, தாய்ப்பசுவைக் காணாது வருந்தும் கன்றிடம், உன் தாய் இதோ வந்துவிடுவாள் எனத் தேற்றுகின்றாள். அதனை நற்சொல்லாகக் கொண்டு முதுபெண்டிர் தலைவியிடம் மீள்கின்றனர். ஆயர்மகள் தலைவனை அறியாள். அவள் பேசியது கன்றோடு. பொருள் பிறந்தது கேட்டவர் நெஞ்சில். அந்நற்சொல்லைக் கேட்டும் தலைவியின் கண்ணீர் நிற்கவில்லை எனப் புலவர் பாடியதே அக்காட்சியின் சிறப்பு. குறி ஆறுதலுக்கு வாயில் திறக்கலாம். ஆறுதலாகவே ஆகிவிட முடியாது.

ஆதலாற் சீட்டு வாசிக்கக் கற்பவர் சில எல்லைகளைத் தமக்கு விதித்துக்கொள்ளல் வேண்டும். நோயையும் சாவையும் பற்றித் தீர்ப்புக் கூறலாகாது. அது வைத்தியர் துறை. வழக்கின் முடிவையும் பணத்தின் வரவையும் உறுதி கூறலாகாது. அச்சத்தை விதைத்து, பரிகாரம் என்ற பெயரிற் பொருள் பறித்தல் எந்நாட்டிலும் பாதகமே. சாவு என்னும் பதின்மூன்றாஞ் சீட்டு வந்தால் அதனை ஒளிக்கவும் வேண்டாம், முழங்கவும் வேண்டாம். பமீலாவின் படத்தில் வெண்குதிரைமேல் எலும்புருவம் வருகின்றது, அரசன் வீழ்ந்து கிடக்கின்றான், நங்கை முகந்திருப்புகின்றாள், ஒரு குழந்தை மட்டும் அஞ்சாது நிமிர்ந்து பார்க்கின்றது, தொலைவில் இரு கோபுரங்களின் நடுவே ஞாயிறு தெரிகின்றது. 'உங்கள் வாழ்வில் முடிந்துபோனது யாது? அதனை நீங்கள் எவர்போல நின்று பார்க்கின்றீர்கள்?' எனக் கேட்பவரே நல்ல வாசகர். 'உமக்கு இன்னது நேரும்' என்பவர் சீட்டையும் அறியாதவர், மனிதரையும் அறியாதவர்.

விடை கூறும் கருவியாகக் கொண்டால் டாரோ ஏமாற்றும். வினா எழுப்பும் கருவியாகக் கொண்டால் அது பயன்தரும். கவிதையும் அவ்வாறே அன்றோ? எந்தக் கவிதையும் நாளை நடப்பதை நமக்குச் சொல்லியதில்லை. ஆனால் நாளையை எதிர்கொள்ளும் நெஞ்சை அது நமக்குத் திறந்து காட்டுகின்றது. ஆட்டத்துக்காகப் பிறந்து, பொய்க்கதையால் உயர்ந்து, பெயர் மறைக்கப்பட்ட ஒரு பெண்ணின் கையாற் புத்துயிர் பெற்ற இச்சித்திரங்களை அந்த அளவில் வாசிக்கக் கற்றுக்கொண்டால் அதுவே நல்ல கல்வியாகும். கவிழ்ந்த கிண்ணங்கள் மூன்றையும் காணும் கண் யாவர்க்கும் உண்டு. பின்னால் நிமிர்ந்து நிற்கும் இரண்டையும் எண்ணப் பழகுவதே வாசிப்பு.